ஏரிக்கரையில் ஊர் கூடி ஒரு கல் நாட்டுவது எப்படி?

தருமபுரி மாவட்டத்துப் பாலக்கோட்டுக்கு அருகிலுள்ள ஓர் ஊரிலிருந்து நீங்கள் கேட்டிருப்பது இது. தூர்வாரிய ஏரியின் கரையில், இயற்கையைக் கருவாகக் கொண்ட ஒரு சிற்பத்தை ஊர்மக்களே சேர்ந்து அமைக்க விரும்புகிறீர்கள். இரும்புக் கம்பி கட்டி, அதன் மேல் சிமெண்ட் பூசி, யானை, மயில், மீன்கொத்தி ஆகிய மூன்றையும் ஒரே மேடையில் செய்து வண்ணம் அடிக்கலாம் என்ற யோசனை வந்திருக்கிறது. அது நிலைக்குமா, யாரிடம் அனுமதி பெற வேண்டும், சிற்பக்கலை தெரியாத ஊரார் இதில் எப்படிக் கைகொடுப்பது என்பவை உங்கள் கேள்விகள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிமெண்டும் வண்ணமும் வேண்டாம். மூன்று உயிர்களும் வேண்டாம். உங்கள் ஏரியிலேயே வாழும் ஓர் உயிரைத் தேர்ந்தெடுத்து, உங்கள் மாவட்டத்துக் கல்லில் புடைப்புச் சிற்பமாகச் செதுக்கி, நடுகல்லை நாட்டுவதுபோல் மண்ணில் நாட்டுங்கள். இந்த ஒரு முடிவை எடுத்துவிட்டால் நீடிப்பு, செலவு, ஊரின் பங்கேற்பு ஆகிய மூன்றுக்கும் பெரும்பாலான விடைகள் தாமே வந்துவிடும்.

பொது இடத்தில் சிற்பம் வைப்பது தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குப் புதிய செய்தி அன்று. தமிழ்நாட்டில் நடுகற்கள் மிகுதியாகக் கிடைக்கும் பகுதி இது. பல்லவர் காலந்தொட்டு, ஆநிரை காக்கும் போரில் பட்டவனுக்கும், புலியோடு போராடி மடிந்தவனுக்கும் அந்தந்த ஊரே கல் எடுத்திருக்கிறது. தருமபுரியில் உள்ள தொல்லியல் துறையின் அகழ்வைப்பகத்திலும் கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்திலும் அந்தக் கற்கள் வைக்கப்பட்டுள்ளன. வேலையைத் தொடங்குவதற்கு முன்பு உங்கள் குழுவினர் அனைவரும் ஒரு நாள் ஒதுக்கி அவற்றைப் பார்த்துவர வேண்டும் என்று வற்புறுத்திக் கேட்டுக்கொள்கிறேன். பார்க்கும்போது உருவத்தை மட்டும் பார்க்காமல் வேலையின் அளவையும் பாருங்கள். பலகைபோன்ற ஒரே கல்லில், உருவத்தைச் சுற்றியுள்ள தளத்தை விரலளவு ஆழத்துக்கும் குறைவாகக் கொத்தித் தாழ்த்தியிருப்பார்கள். உருவம் தனியாக ஒட்டப்பட்டதாக இராது. கல்லின் பழைய முகமே உருவமாக எஞ்சி நிற்கும். நீட்டிக்கொண்டிருக்கும் உறுப்பு எதுவும் இல்லாததால் ஒடிவதற்கும் எதுவும் இல்லை. நூற்றாண்டுகளாக வெயிலிலும் மழையிலும் நின்ற பிறகும் அந்தக் கற்களில் வில்லையும் குறுவாளையும் நாம் அடையாளம் காண முடிவதற்கு இந்த எளிமையே காரணம். இன்னும் பழமையான சான்று வேண்டுமென்றால் கிருஷ்ணகிரி மாவட்டத்து மல்லச்சந்திரத்தில் உள்ள கற்திட்டைகளைப் பாருங்கள். சாந்து ஏதுமின்றிப் பலகைக் கற்களைச் செங்குத்தாக நிறுத்தி, மேலே மூடுகல் வைத்துப் பெருங்கற்கால மக்கள் அமைத்தவை அவை. இன்றும் பல நிற்கின்றன.

சிமெண்ட் உருவத்தை நான் மறுப்பதற்குக் காரணம் அழகு பற்றியது மட்டுமன்று. கம்பிக்கு மேலே போதிய கனத்தில் கான்கிரீட் இருந்தால்தான் கம்பி துருப்பிடிக்காது. திறந்தவெளியில் அந்த மூடுகனம் ஏறத்தாழ 2 அங்குலம் இருக்க வேண்டும். மயிலின் தோகையிலும் மீன்கொத்தியின் அலகிலும் அவ்வளவு கனம் கொடுக்க வழியே இல்லை. அங்கே ஈரம் உள்ளே புகும், கம்பி துருவாகும், துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும், அந்த அழுத்தத்தில் மேல்பூச்சு வெடித்து விழும். அலகு உடைந்து, கம்பி மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும் பறவைகளை நம் பூங்காக்களில் எத்தனையோ இடங்களில் பார்க்கிறோம். கண்ணாடி இழைச் சிற்பம் எடை குறைவானது என்றாலும், நம் வெயிலில் அதன் மேற்பரப்பு வெளிறி வெடிக்கும், தட்டினால் உடையும். இரண்டையும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பழுதுபார்த்து வண்ணம் பூசப் பணம் வேண்டும். திறப்பு விழாவுக்குக் கிடைக்கும் நன்கொடை ஐந்தாம் ஆண்டுப் பழுதுக்குக் கிடைப்பதில்லை.

கல் உங்களுக்கு எளிதில் கிடைக்கும். கிருஷ்ணகிரிப் பகுதியின் கிரானைட் வெளிநாடுகளுக்குப் போகிறது. சந்தையில் ‘பாரடைசோ’ என்று வழங்கும், ஊதாவும் சாம்பலும் கலந்து அலை அலையாக ஓடும் கல் இந்தப் பகுதியினுடையது. கறுப்பு கிரானைட்டும் இந்த இரு மாவட்டங்களிலும் எடுக்கப்படுகிறது. ஏற்றுமதிக்கு வெட்டும்போது நிறம் மாறியதாலோ, ஒரு கோடு குறுக்கே ஓடியதாலோ, அளவு குறைந்ததாலோ தள்ளப்படும் கற்கள் குவாரிகளில் குவிந்து கிடக்கின்றன. உங்களுக்கு வேண்டியது அத்தகைய ஒரு கல்தான். இதற்காக எந்தக் குன்றையும் பாறையையும் புதிதாக உடைக்க வேண்டாம். ஏரியை வாழ்த்த எழுப்பும் சிற்பத்துக்காக ஒரு குன்றைச் சிதைப்பது பொருந்தாது. நன்கொடையாகக் கிடைத்தாலும் விலைக்கு வாங்கினாலும், கனிமவளத் துறையின் நடைச்சீட்டு இல்லாமல் கல்லை லாரியில் ஏற்றாதீர்கள்.

தள்ளிய கல் என்பதால் விரிசலைச் சோதிப்பது மிகவும் முக்கியம். கல்லை நிலத்தில் நேரடியாகக் கிடத்தாமல் இரண்டு மரக்கட்டைகளின் மேல் வைத்து, சுத்தியலால் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மெல்லத் தட்டிக்கொண்டே போக வேண்டும். குறையற்ற கல் மணிபோல் கணீரென்று ஒலிக்கும். விரிசல் உள்ள இடத்துக்கு வந்ததும் ஒலி மழுங்கிவிடும். பிறகு கல்லின் மேல் தண்ணீர் ஊற்றிக் காயவிடுங்கள். மேற்பரப்பு முழுவதும் உலர்ந்த பிறகும் ஒரு கோடு மட்டும் ஈரமாகத் தெரிந்தால் அங்கே தண்ணீர் உள்ளே இறங்கியிருக்கிறது என்று பொருள். அந்தக் கோடு கல்லின் கீழ்ப்பகுதியில், குறுக்காக ஓடினால் அந்தக் கல் வேண்டாம்.

எடையையும் முன்கூட்டியே கணக்கிட்டுக்கொள்ளுங்கள். கிரானைட் ஒரு கன அடி ஏறத்தாழ 76 கிலோ இருக்கும். 7 அடி நீளம், 3 அடி அகலம், 1 அடி கனமுள்ள கல் 1,600 கிலோ வரும். கனத்தை 9 அங்குலமாகக் குறைத்தால் 1,200 கிலோ. கறுப்பு கிரானைட் இதைவிடச் சற்றுக் கூடுதல். எனவே கிரேன் வந்து நிற்கும் அளவுக்குக் கெட்டியான பாதை அந்த இடம் வரை உண்டா என்பதை இடம் முடிவாகும்போதே பார்த்துவிட வேண்டும். இத்தகைய பணிகளில் கல்லின் விலையைவிட ஏற்றி இறக்குவதும் நிறுத்துவதும் அதிகச் செலவாகிவிடுவது உண்டு.

எந்தக் கல் என்பது எந்த உருவம் என்பதையும் முடிவு செய்கிறது. பாரடைசோ போன்ற வரிக்கல்லில் நுணுக்கமான வேலை எடுபடாது. இறகும் செதிலும் கல்லின் வரிகளுக்குள் மறைந்துவிடும். ஆனால் அந்த வரிகளையே தண்ணீராகக் கொள்ளும் ஓர் உருவம் கிடைத்துவிட்டால் அதைவிடப் பொருத்தமான கல் இல்லை. கறுப்பு கிரானைட்டின் இயல்பு வேறு. மெருகேற்றிய பகுதி கருநிறமாக மின்னும். அதன் மேல் உளி பட்ட இடம் வெளிர்சாம்பலாக மாறும். ஆகவே கோட்டோவியத்துக்கும் எழுத்துக்கும் அது மிகவும் ஏற்றது. குழந்தைகள் வரைந்த இலைகளையும் ஊர்ப் பெயரையும் பொறிக்க விரும்பினால் சிறியதொரு கறுப்புப் பலகையைப் பக்கத்தில் பதித்துக்கொள்ளலாம்.

இனி, எந்த உயிர் என்ற கேள்வி. யானையை நீங்கள் விரும்புவது புரிகிறது. ஆனால் தளி, தேன்கனிக்கோட்டை, பாலக்கோடு பகுதிகளில் கேழ்வரகு அறுவடைக் காலத்தில் யானைகள் வயலுக்குள் இறங்குவதும், விளைச்சலும் சில நேரம் உயிருமே பறிபோவதும் உண்மை. அத்தகைய இழப்பைச் சந்தித்த குடும்பம் உங்கள் ஊரிலும் இருக்கலாம். அவர்களைக் கேட்காமல் ஏரிக்கரையில் யானையை நிறுத்துவது முறையன்று. கேட்ட பிறகு அவர்களே யானை வேண்டும் என்று சொல்லலாம். அப்போது தாராளமாகச் செய்யுங்கள். ஒகேனக்கல்லை ஒட்டிய ஊராக இருந்தால் காவிரியின் திமில் மகசீர் மீனையோ நீர்நாயையோ பரிந்துரைத்திருப்பேன். அந்த மகசீர் உலகில் காவிரி ஆற்றமைப்பில் மட்டுமே வாழ்வது. அழியும் விளிம்பில் இருப்பது. ஏரிக்கு ஏரியின் உயிர்தான் வேண்டும்.

என் தெரிவு முக்குளிப்பான். நம் ஏரிகளில் எல்லோரும் பார்த்திருக்கும், பெரும்பாலோர் பெயர் கேட்டிராத சிறு பறவை அது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீருக்குள் மூழ்கி, எதிர்பாராத வேறோர் இடத்தில் எழும். மிதக்கும் செடிகொடிகளைச் சேர்த்து நீரின் மேலேயே கூடு கட்டும். குஞ்சுகளை முதுகில் ஏற்றிக்கொண்டு நீந்தும். சிற்பியின் கண்ணால் பாருங்கள்: உருண்டு திரண்ட உடல், குட்டைக் கழுத்து, கால்கள் நீருக்குள் மறைந்திருக்கின்றன. கல்லுக்கென்றே அமைந்த வடிவம். வரிக்கல்லின் அலைகளுக்கு நடுவே தாயும் முதுகில் இரண்டு குஞ்சுகளும் புடைத்து நிற்க, கீழே எதையும் செதுக்காமல் கல்லின் வரிகளை அப்படியே விட்டுவிட்டால் அதுவே ஏரியாகிவிடும். ஆமை, தவளை, படுத்திருக்கும் எருமை ஆகியவையும் கல்லுக்கு இசைந்த மூடிய வடிவங்கள். கொக்கும் நாரையும் அழகுதான். ஆனால் அவற்றின் காலை முழு உருவமாகக் கல்லில் விட்டால் ஒரு சிறுவன் பிடித்துத் தொங்கிய நாளே ஒடியும். அவை வேண்டுமென்றால் புடைப்பாகவே இருக்கட்டும். என் தெரிவை நீங்கள் ஏற்க வேண்டியதில்லை. ஏரியில் கண்ணால் கண்ட உயிர்களைப் பள்ளிப் பிள்ளைகளும் மீன் பிடிப்பவர்களும் மாடு மேய்ப்பவர்களும் சில வாரங்கள் குறித்து வரட்டும். அந்தப் பட்டியலிலிருந்து ஒன்றை ஊர் எடுக்கட்டும்.

ஊராரின் பங்கேற்பைத் திறப்பு விழாவில் கைதட்டுவதோடு நிறுத்திவிடாதீர்கள். பழந்தமிழ் இலக்கணம் நடுகல் எடுப்பதைக் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்து என்று ஆறு நிலைகளாகப் பிரிக்கிறது. கல்லைத் தேடிக் காண்பதே அதில் முதல் நிலை. ஊரிலிருந்து ஒரு குழு குவாரிக்குப் போய்க் கல்லைப் பார்த்துத் தட்டித் தேர்ந்து வந்தால், அந்தக் கல் வந்து இறங்குவதற்கு முன்பே ஊருடையதாகிவிடுகிறது. அடுத்து, ஏரி வண்டலைக் குழைத்து, தேர்ந்தெடுத்த உயிரைக் கையகல மண் பலகையில் புடைப்பாகச் செய்யுமாறு எல்லா வயதினரையும் அழையுங்கள். எந்தக் கோணத்தில் உருவம் எடுபடுகிறது என்பது ஐம்பது மண் பலகைகளை வரிசையாக வைத்துப் பார்க்கும்போது பளிச்சென்று தெரியும். நன்றாக வந்தவற்றைச் சிற்பி ஒருங்கிணைத்து ஒரே வரைவாக்கி, கட்டம் போட்டுக் கல்லின் அளவுக்குப் பெரிதாக்குவார்.

உருவத்தின் விளிம்பையும் முகத்தையும் சிற்பிதான் செதுக்க வேண்டும். மாமல்லபுரம் அரசு கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரியில் பயின்றவர்கள் தமிழ்நாடு முழுவதும் பணிபுரிகிறார்கள். உள்ளூரில் அம்மியும் ஆட்டுக்கல்லும் கொத்துகிறவர்களையும் உடன் சேர்த்துக்கொள்ளுங்கள். பின்தளத்தைக் கொத்தித் தாழ்த்தும் வேலை பெரும்பகுதி அம்மி கொத்துவது போன்றதே. அந்தப் பகுதியை, விளிம்பிலிருந்து நான்கு விரல் தள்ளி எல்லைக்கோடு போட்டுவிட்டு, பெரியவர்கள் முறைவைத்து உளிபிடித்துக் கொத்தலாம். ஒருவரின் கொத்து ஆழமாகவும் மற்றவருடையது மேலோட்டமாகவும் இருக்கும். அந்த வேறுபாட்டைத் தேய்த்துச் சமப்படுத்த வேண்டாம். வெயில் சாய்வாக விழும்போது அதுதான் நீர்ப்பரப்பு நெளிவதுபோல் தெரியும்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். கிரானைட் தூசியில் சிலிக்கா இருக்கிறது. அதைத் தொடர்ந்து சுவாசிப்பதால் வரும் சிலிக்கோசிஸ் நோய்க்கு மருந்து இல்லை. கிரைண்டர் ஓடும்போது தண்ணீர் விட்டே அறுக்க வேண்டும். கருவி பிடிப்பவருக்கும் பக்கத்தில் நிற்பவருக்கும் என்-95 முகக்கவசமும் கண்ணாடியும் வேண்டும். பிள்ளைகளை அந்த இடத்துக்கு விடவே கூடாது. பிள்ளைகளின் பங்கு மண்ணிலும் தாளிலும் இருக்கட்டும்.

இந்தப் பகுதிக்கே உரிய இன்னொன்றையும் எதிர்பார்த்திருங்கள். நம் மாவட்டங்களில் பழைய நடுகற்கள் பல, வேடியப்பன் என்ற பெயரில் இன்றும் வழிபடப்படுகின்றன. உருவம் செதுக்கிய கல்லை ஏரிக்கரையில் நிறுத்தினால் சில மாதங்களில் மஞ்சளும் குங்குமமும் வரும். கற்பூரமும் எண்ணெய் விளக்கும் வரும். இதைத் தடுக்க முயல்வது வீண் என்பதோடு, ஊரின் அன்பைப் புண்படுத்துவதாகவும் ஆகும். சிற்பத்துக்கு முன்னால் இரண்டடி தள்ளி, குழியுள்ள ஒரு சிறு விளக்குக்கல்லைத் தொடக்கத்திலேயே பதித்துவிடுங்கள். எண்ணெயும் புகையும் அங்கேயே தங்கும், சிற்பம் கறுக்காது. அதே நேரம், எல்லாத் தெருவினரும் காலனி மக்களும் தயங்காமல் வந்து நிற்கக்கூடிய இடமாக அது இருக்க வேண்டும் என்பதில் விட்டுக்கொடுக்காதீர்கள். ஒரு தெருவுக்குள் நிறுத்திய கல் அந்தத் தெருவின் சொத்தாகிவிடும். நன்கொடையாளர் பெயர்களைச் சிற்பத்தின் மேல் பொறிக்காமல் இருப்பதும் இந்தக் காரணத்துக்காகத்தான். சிற்பியின் பெயரும் ஊர்ப் பெயரும் ஆண்டும் போதும்.

இடமும் அனுமதியும் ஒன்றோடொன்று பின்னியவை. ஏரிக்கரை என்று இதுவரை சொன்னது கரையை ஒட்டிய இடத்தைத்தான். ஏரியின் உள்வாய், கரை, மதகு, வரத்துக் கால்வாய் ஆகியவற்றில் எதையும் நாட்டக் கூடாது. கரையைத் தோண்டினால் கரையின் வலு குறையும், நீர்நிலைப் புறம்போக்கில் கட்டுமானம் ஆக்கிரமிப்பாகவும் கருதப்படும். கிராம நிர்வாக அலுவலரிடம், நிலத்தின் வகையைக் காட்டும் ‘அ’ பதிவேட்டையும் புல வரைபடத்தையும் பார்த்து, கரைக்கு வெளியே உள்ள ஊராட்சி நிலத்தையோ பள்ளி வளாகத்தையோ தேர்ந்தெடுங்கள். 100 ஏக்கருக்கு மேல் பாசனமுள்ள ஏரி என்றால் நீர்வளத் துறையும், அதற்குக் குறைந்தது என்றால் ஊராட்சி ஒன்றியமும் பொறுப்பு. அவர்களின் இசைவையும் எழுத்தில் வாங்குங்கள். பொதுச் சாலை, நடைபாதை, பிற பொதுப் பயன்பாட்டு இடங்களில் சிலையோ கட்டுமானமோ அமைக்க அனுமதிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2013 ஜனவரியில் உத்தரவிட்டிருக்கிறது. ஆகவே சாலையோரத்தைத் தவிர்த்துவிட்டு, கிராம சபைத் தீர்மானத்தையும் வரைபடத்தையும் இணைத்து மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் விண்ணப்பியுங்கள். பறவைதானே, தலைவர் சிலை இல்லையே என்று அனுமதியில்லாமல் வைத்துவிடாதீர்கள்.

கல் எந்தத் திசையைப் பார்க்க வேண்டும் என்பதைப் பலரும் எண்ணிப் பார்ப்பதில்லை. புடைப்புச் சிற்பத்துக்கு நேரெதிரே வெயில் விழுந்தால் நிழல் மறைந்து உருவம் தட்டையாகிவிடும்; பக்கவாட்டில் சாய்வாக விழுந்தால்தான் எழும்பி நிற்கும். காலையும் மாலையும் நடக்க வருகிறவர்களே உங்கள் பார்வையாளர்கள் என்றால் கல்லின் முகம் தெற்கையோ வடக்கையோ நோக்கட்டும். தெற்கு முகத்தில் புரட்டாசியிலிருந்து பங்குனி வரையிலும், வடக்கு முகத்தில் மற்ற மாதங்களிலும் காலை, மாலை வெயில் தழுவிச் செல்லும்.

7 அடிக் கல்லில் 2 அடி மண்ணுக்குள் போக வேண்டும். கெட்டித் தரை வரும் வரை தோண்டி, அடியில் உடைகல்லும் கிராவலும் இட்டு நன்றாக இடித்து, அதன் மேல் கல்லை நிறுத்தி, கம்பி இல்லாத கான்கிரீட்டால் சுற்றிலும் பிடித்துக்கொள்ளலாம். கான்கிரீட் தரைமட்டத்துக்கு ஓரங்குலம் கீழே, வெளிப்பக்கம் சரிவாக முடியட்டும். மழைநீர் கல்லின் அடியில் தேங்கக் கூடாது. கரிசலாக இருந்தால் ஈரத்தில் உப்பிக் காய்ந்தால் சுருங்கும். அங்கே பொறியாளரைக் கேட்காமல் ஆழத்தை முடிவு செய்யாதீர்கள். பிள்ளைகள் ஏறி விளையாட ஆமை போன்ற தாழ்ந்த உருவம் ஒன்றையும் வைப்பதானால், அதில் 3½ அங்குலத்துக்கும் 9 அங்குலத்துக்கும் இடைப்பட்ட இடுக்கு எதுவும் இருக்கக் கூடாது. குழந்தையின் தலை சிக்கிக்கொள்ளும் அளவு அது.

இவ்வளவுக்கும் ஓராண்டு ஆகலாம். அதுவரை காத்திருக்க முடியாமல் இளைஞர்கள் துடிப்பது இயல்பு. அவர்களுக்கு உண்ணிச்செடியைச் சொல்லுங்கள். நீலகிரி மாவட்டத்துக் கூடலூர்ப் பகுதிப் பழங்குடிக் கலைஞர்கள் அந்தக் களைச்செடியின் தண்டை வேகவைத்து, பட்டை உரித்து, இரும்புச் சட்டத்தின் மேல் வளைத்து ஆளுயரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் செய்கிறார்கள். அவை 2021-இல் லண்டனிலும் 2024-இல் அமெரிக்காவிலும் காட்சிக்கு வைக்கப்பட்டன. நம் காடுகளிலும் அதே செடி மண்டிக் கிடக்கிறது. காப்புக்காட்டுக்குள் வெட்டுவதானால் வனத்துறையின் அனுமதி வேண்டும். ஊர்ப் புறம்போக்கில் உள்ளதை ஊராட்சியைக் கேட்டு எடுத்துக்கொள்ளலாம். அது சில ஆண்டுகள் நிற்கும் வேலை. கல் வரும்வரை ஏரிக்கு அது போதும்.

வண்ணம் மட்டும் பூசாதீர்கள். எனாமல் பெயிண்ட் ஒருமுறை ஏறிவிட்டால் உளியின் கூர்மை அதன் கீழே மறைந்துவிடும். உரித்தெடுக்க அமிலம் ஊற்றினால் கல்லின் முகமே போய்விடும். ஆண்டுக்கொருமுறை வெறும் தண்ணீரும் தேங்காய்நார்த் தூரிகையும் போதும். கல்லின் மேல் படரும் பாசிப்பூஞ்சையைச் சுரண்டவும் வேண்டாம்.

உள்ளாட்சிகள் நாளான நவம்பர் 1, குடியரசு நாள், உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22 ஆகியவற்றில் கிராம சபை கூடும். மார்ச் 22 உங்களுக்குப் பொருத்தமான நாள். தீர்மானத்தில் புல எண், கல்லின் அளவு, சிற்பிக்கு எத்தனை தவணையில் ஊதியம், விபத்துக்கு யார் பொறுப்பு, ஆண்டுதோறும் கழுவுவது எந்தக் குழு என்பவை அனைத்தும் எழுதப்பட்டிருக்க வேண்டும். உருவம் என்ன என்பதை மட்டும் அந்தக் கூட்டத்தில் முடிவு செய்யாமல், மண் பலகைகள் செய்து முடித்த பிறகு கூடும் அடுத்த கிராம சபைக்கு விட்டுவிடுங்கள்.